எட்டு என்ற எண்ணும் ஒரு கட்டைவிரலும்

பல்லாங்குழியில் காய்களைச் சமமாகப் போட்டுவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறோம். சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே படை. தாயக்கட்டைக்கு யார் மீதும் தனிப் பாசம் கிடையாது. ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்கும் ஆட்டத்தில் சமநிலை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அது இல்லையென்றால் தோற்றவர் அடுத்த முறை விளையாட வரமாட்டார், அவ்வளவுதான்.

யாருமே ஜெயிக்காத ஆட்டத்தில் சமநிலை எதற்கு?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற பாத்திர விளையாட்டுகளைப் பற்றித்தான் கேட்கிறேன். ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறோம். ஒருவர் கதையை நடத்துபவர். உலகம், ஊர்க்காரர்கள், எதிரிகள், மழை, வெயில் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ‘கதவைத் திறக்கிறேன்’, ‘காவலாளியிடம் பேசிப் பார்க்கிறேன்’ என்று நாம் சொல்லச் சொல்லக் கதை நகர்கிறது. முடிவு சந்தேகமாக இருந்தால் இருபது முகப் பகடையை உருட்டுகிறோம். எல்லாரும் ஒரே கட்சி. அப்படியிருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நான் உட்கார்ந்த மேசைகளில் குழுக்களை உடைத்தது டிராகன் இல்லை. “உன் கேரக்டர் ரொம்ப ஓவர்டா, அப்புறம் நாங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?” என்ற சண்டைதான்.

இந்தச் சண்டையை வழக்கமாக இரண்டு கட்சிகளின் சண்டையாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் கணக்குக்காரர்கள். விதிநூலைக் கரைத்துக் குடித்து, எந்தத் திறனை எதனோடு சேர்த்தால் அடி பலமாக விழும் என்று பார்த்துப் பாத்திரத்தைக் கட்டுபவர்கள். மறுபக்கம் கதைக்காரர்கள். பாத்திரத்துக்கு ஒரு இறந்துபோன தங்கை, ஒரு நிறைவேறாத சத்தியம், ஒரு பழைய ஊர் என்று எழுதி எடுத்து வருபவர்கள். இலக்கியம் வாசிக்கும் நமக்கு அனுதாபம் தானாகவே கதைக்காரர் பக்கம் போய்விடும். கணக்குக்காரன் ரசனை கெட்டவன், எக்செல் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு கதைக்குள் நுழைந்தவன் என்று தோன்றும்.

இந்தக் கட்டுரை கணக்குக்காரர் பக்கம் நிற்கிறது. முழுவதுமாக இல்லை, முக்கால் பங்கு.

முதலில் கணக்கையே பார்த்துவிடுவோம். பாத்திரத்துக்கு ஆறு பண்புகள்: வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். 2014 விதிநூலின் ஒரு முறைப்படி 27 புள்ளிகளை இவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். 8 அடித்தளம், அதற்குச் செலவு இல்லை. 13 வரை படிக்கு ஒரு புள்ளி, அதற்கு மேல் 14க்கும் 15க்கும் படிக்கு இரண்டு. கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆயத்த வரிசை உண்டு. அதையும் கூட்டிப் பார்த்தேன், சரியாக 27 புள்ளிதான். ஆக, தொடக்கத்தில் எல்லாரும் சமம். பல்லாங்குழி போலத்தான்.

இனச் சலுகை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு வலிமை 16, இன்னொருவருக்கு 14 என்று வைத்துக்கொள்வோம். பகடையில் அது ஒரு புள்ளி வித்தியாசம். இருபது முறை வாள் வீசினால் ஒரு முறை கூடுதலாகப் படும், பட்ட அடியில் ஒன்று கூடும். ஒரு சந்திப்பில் ஒருவர் பத்துத் தடவை வீசினாலே பெரிய விஷயம். அப்படியானால் இரண்டு சந்திப்புக்கு ஒரு அடிதான் வித்தியாசம். அந்த ஒரு அடிக்காகவா ஆறு மாதம் பேசாமல் இருக்கிறார்கள்?

இல்லை. மேசையில் உண்மையிலேயே பங்கு போடப்படுவது நேரம். சந்திப்பு மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். பாதியை நடத்துபவர் எடுத்துக்கொள்வார். மிச்சம் 90 நிமிடத்தை ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 18 நிமிடம். வேலை முடிந்து, கொமுட்டர் பிடித்து, கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்து வருபவருக்குக் கிடைப்பது அந்த 18 நிமிடம். அதில் அவர் செய்தது எதுவும் கதையை நகர்த்தவில்லை என்றால், வீடு திரும்பும்போது கையில் ஒன்றும் இருக்காது.

நாவலில் இந்தப் பிரச்சினை இல்லை. ஒரே ஆள் எழுதுகிறார், யாரை உயர்த்துவது யாரை ஒதுக்குவது என்பது அவர் இஷ்டம். சமநிலை கெட்டால்தான் அங்கே கதையே சூடு பிடிக்கும். பாண்டவர் ஐவரையும் ஐந்து பேர் ஆளுக்கொருவராக எடுத்து ஆடுவதாக நினைத்துப் பாருங்கள். நகுலனை எடுத்தவர் என்ன செய்வார்? அர்ச்சுனனை எடுத்தவர் வில்லை வளைக்கிறார், வீமனை எடுத்தவர் பகனைக் கொல்கிறார், தருமனை எடுத்தவர் எல்லாவற்றையும் சூதில் வைத்துத் தோற்கிறார். அதுகூடக் கதையைத் திருப்புகிற வேலைதான். நகுலனுக்கு விராட தேசத்துக் குதிரை லாயம். வாசகனாக எனக்கு அதில் வருத்தமில்லை. வாரா வாரம் நகுலனாக வந்து உட்காருபவருக்கு நிச்சயம் வருத்தம் இருக்கும்.

விளையாட்டை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரியும். ஐம்பது வருடமாக ஆளுக்கொரு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் சமநிலை காலத்தின் கையில் இருந்தது. மந்திரவாதி தொடக்கத்தில் ஒரு அடிக்குச் சாவான். வீரன் இரண்டாம் நிலைக்குப் போக 2,000 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். தாக்குப்பிடித்து மேலே போய்விட்டால் அப்புறம் அவன் ராஜ்ஜியம். முன்னால் கஷ்டம், பின்னால் பலன். வருடக்கணக்கில் கலையாமல் ஆடும் குழுவுக்கு இது நியாயமான ஏற்பாடு. வேலை மாற்றம், சிங்கப்பூர் வாய்ப்பு, கல்யாணம் என்று ஆறாவது சந்திப்பிலேயே கலையும் நம் குழுக்களில், மந்திரவாதி சாகவே பிறந்தவன்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு வேறு வழியில் போனது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான மாண்டி குக் பின்னாளில் ஒரு கட்டுரையில் வெளிப்படையாகவே எழுதினார்: விதிகளை ஆழமாகக் கற்றவருக்குப் பரிசு கிடைக்கட்டும் என்றுதான் சில தேர்வுகளை மற்றவற்றைவிட வலுவாக வைத்தோம், எது வலு என்று நூலில் சொல்லவில்லை. இதற்கு அவரே வைத்த பெயர் தந்தக் கோபுர வடிவமைப்பு. 2008இன் நான்காம் பதிப்பு அதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடியது. வீரனோ மந்திரவாதியோ எல்லாருக்கும் ஒரே அச்சில் திறன்கள், எப்போதும் பயன்படுத்துவது, சண்டைக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று. கணக்கு அழகாக நின்றது. எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிட்டோமே என்று பலர் விலகினார்கள். பழைய விதிகளின் தொடர்ச்சியாக 2009இல் வந்த பாத்ஃபைண்டர் அவர்களை அள்ளிக்கொண்டது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

அந்தச் சமரசத்திலும் ஓட்டைகள் உண்டு. மூன்றாம் நிலை மந்திரம் பலரை ஒரே நேரத்தில் தாக்கினால் ஆறு பகடை சேதம் போதும் என்று நடத்துபவருக்கான கையேட்டில் அட்டவணை இருக்கிறது. அதே நிலையில் உள்ள தீக்கோள மந்திரத்துக்கு எட்டுப் பகடை. சொந்த அட்டவணையையே மீறிய மந்திரம். நான் ஆடிய எந்த மேசையிலும் அதை யாரும் தடை செய்ததில்லை. தீக்கோளம் என்றால் அப்படித்தான் இருக்கும், பரம்பரைச் சொத்து.

தடை வேறு இடத்தில் விழுந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் நாங்கள் மாதம் இரண்டு முறை கூடினோம். மேசையின் மொழி ஆங்கிலம், நடுநடுவே மலாயும் தமிழும். கிள்ளானிலிருந்து வரும் நண்பர் ஒருவர் அதிகம் பேசமாட்டார். தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளி, டிப்ளோமா, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஆங்கிலம் வாசிப்பார், நன்றாகவே புரியும், பேசத்தான் தயக்கம். 320 பக்க விதிநூலைப் போனில் வைத்து ரயிலிலேயே படித்து முடித்தவர். நீண்ட கைப்பிடி ஆயுதத்தோடு ஒரு வீரனைக் கட்டிக்கொண்டு வந்தார். குறி தவறும் ஆபத்தை 5 கூட்டிக்கொண்டு, பட்டால் சேதத்தில் 10 கூட்டும் திறன் அந்த வீரனுக்கு இருந்தது. விதிநூலில் உள்ளபடிதான், ஒரு எழுத்து மீறவில்லை. அவனுடைய வசீகரம் 8.

எதிரில் மந்திரவாதி. அதை ஆடியவர் நல்ல பேச்சுக்காரர், நாடகக் குரல், ஆங்கிலம் சரளம். அவர் வாயைத் திறந்தாலே மேசை சிரிக்கும். காவலாளி, வரி வசூலிப்பவர், இளவரசி எல்லாரையும் பேசியே மடக்கிவிடுவார். நடத்துபவரும் ரசித்துச் சிரித்து, “சரி, அவன் உள்ள விட்டுட்டான்” என்பார். பகடை உருளாது. அந்த மந்திரவாதியின் வசீகரமும் 8தான். அறிவுக்குப் புள்ளி வேண்டுமே, வசீகரத்தைக் குறைத்து அங்கே போட்டிருந்தார். அதற்கும் கணக்குப் போடுதல் என்றுதான் பெயர். யாரும் அப்படி அழைக்கவில்லை.

நான்காவது சந்திப்பில் வீரனின் அந்தத் திறனுக்குத் தடை வந்தது. சமநிலைக்காக என்று சொல்லப்பட்டது. “நாம கதைக்காகத்தானே வர்றோம் மச்சான், சும்மா நம்பருக்கா?” நண்பர் தாளில் அந்த வரியை அழித்துவிட்டு, “ஓக்கே லா” என்றார்.

எனக்கு அப்போது ஏகலைவன் ஞாபகம் வந்தான். குரு இல்லாமல், சிலையை வைத்துக்கொண்டு தானே கற்றவன். அவனால் யாருக்கும் தொந்தரவில்லை. உன்னை மிஞ்ச ஆள் இருக்காது என்று துரோணர் அர்ச்சுனனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அந்த வாக்குத்தான் ஆடிப்போனது. கட்டைவிரல் போனது சமநிலைக்காக இல்லை, ஏற்கெனவே இருந்த வரிசை மாறாமலிருக்க. அர்ச்சுனன் கையில் இருந்தால் அது வித்தை. ஏகலைவன் கையில் இருந்தால் மட்டும் அளவுக்கு மீறியது. மேசையில் ‘பேலன்ஸ்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: யாருடைய விரலைக் கேட்கிறார்கள், யாருடைய விரலைக் கேட்கவில்லை?

விதி எழுத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சரிபார்க்கலாம், மறுக்கலாம். பேச்சுவன்மை எந்தத் தாளிலும் இல்லை. அதற்குப் புள்ளிச் செலவும் இல்லை. தயங்கிப் பேசுபவருக்குத் தாள்தான் வாய். ‘நான் 18 சேதம்’ என்று அவர் சொன்னால் யாரும் குறுக்கே பேச முடியாது, அது நடந்தே தீரும். ‘கணக்கை விடு, நடி’ என்று சொல்லும் மேசை அதிகாரத்தை ஒழிக்கவில்லை. எண்ணிலிருந்து நாக்குக்கு மாற்றிக் கொடுக்கிறது. கோலாலம்பூரில் எந்த நாக்கு, எந்த மொழியில், எந்தப் பள்ளியில் பழகியது என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நான் மிகவும் மதிக்கும் ஒரு போக்கோடு முரண்பட வேண்டியிருக்கிறது. பழைய பாணி விளையாட்டை மீட்டெடுக்கும் இயக்கத்துக்கு மாத்யூ ஃபின்ச் 2008இல் எழுதிய சிறு கையேடு ஒரு கொடி மாதிரி. விதியைவிட நடத்துபவரின் தீர்ப்பு முக்கியம், பாத்திரத்தின் திறனைவிட ஆடுபவரின் திறன் முக்கியம் என்பவை அதன் அடிப்படைகளில் இரண்டு. கேட்க விடுதலையாக இருக்கும். பாத்திரம் கட்டும் தலைவலி போய்விடும், ஐந்து நிமிடத்தில் ஆட உட்காரலாம். ஆனால் ‘ஆடுபவரின் திறன்’ என்றால் என்ன? பொறியைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் மட்டுமா? நடத்துபவரை நம்ப வைக்கும்படி அதை விவரிக்கும் நாக்கும்தானே?

நம் நாட்டிலேயே இதற்கு அழகான உதாரணம் இருக்கிறது. போர்ட்டிக்சனைச் சேர்ந்த செடெக் சியூவின் எழுத்தும் முன் காவின் ஓவியமும் சேர்ந்த ‘எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ சிறுநூல்கள். தென்கிழக்காசியாவின் ஆறும் காடும் முதலையும் ஐரோப்பியக் கோட்டைகளின் இடத்துக்கு வந்து உட்கார்ந்த கற்பனை உலகம் அது. எண்கள் மிகக் குறைவு. இடம், மனிதர், வழக்கம், வதந்தி, இவற்றாலேயே உலகம் எழும்புகிறது. வாசிப்பதற்கு இவ்வளவு நல்ல விளையாட்டு நூல்கள் குறைவு, இந்த இதழின் வாசகர்கள் விளையாடாவிட்டாலும் வாசிக்கலாம். ஆனால் எண் விட்டுச்சென்ற இடத்தை மேசையில் யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும். அது எப்போதும் நிறையப் பேசுபவர்தான். நூலைக் குறை சொல்லவில்லை. அந்த நூலைக் கொண்டு ஆடும் மேசை, விதிநூல் மேசையைவிடக் கூடுதலாக விழிப்போடு இருக்க வேண்டும் என்கிறேன்.

எதிர்வாதம் இருக்கிறது, அதில்தான் என் மிச்சக் கால் பங்கு. விதிநூலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதைப் படிக்க நேரமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு வருபவருக்கு அந்த நேரம் எங்கே? மாண்டி குக் சொன்ன தந்தக் கோபுரத்தில் ஏற முடியாதவர் கீழேயே நிற்கிறார். உண்மைதான். சண்டை வந்தால் ஒரே ஆள் மூன்று எதிரிகளை முடித்துவிட, மற்றவர்கள் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு போன் பார்க்கும் மேசைகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே கணக்குக்காரர்தான் பிறருடைய 18 நிமிடத்தை எடுத்துக்கொள்கிறார். எனவே தடையே கூடாது என்பது என் வாதமில்லை. 2024இல் திருத்தி வந்த விதிநூல் அந்த 5-10 பேரத்தை நீக்கி, திறனை மென்மையாக்கியது. எல்லா மேசைக்கும், எல்லாருக்கும், எழுத்தில். அதில் எனக்கு மனக்குறை கிடையாது. ஒரு மேசையில் ஒரே ஆளுக்கு மட்டும் வரும் தடை வேறு.

எட்டாவது சந்திப்பு என்று நினைக்கிறேன். கதை ஒரு ஆற்றுத் துறைமுகத்துக்குப் போனது. நடத்துபவர் விளையாட்டாக, இந்த ஊர்ப் படகுக்காரன் தமிழ்தான் பேசுவான் என்று சொல்லிவிட்டார். பேச்சுக்காரர் இரண்டு வரியில் திணறினார். கிள்ளான் நண்பர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“அண்ணே, ஏறுங்க ஏறுங்கன்னு கூப்பிட்டது நீங்க. அதனால ஏத்தினதுக்குக் காசு கேக்கக்கூடாது. எறங்கறது எங்க இஷ்டம், அதுக்கு மட்டும் கேளுங்க. பாதிக் காசு.”

வீடே சிரித்தது. நடத்துபவர் வாயைத் திறக்கும் முன் மேசையின் மறுமுனையிலிருந்து குரல் வந்தது: “மச்சான், உன் வசீகரம் எட்டுதானே? ரோல் பண்ணு லா.”

விதிப்படி அவர் சொன்னது சரி. நண்பர் உருட்டினார். ஆறு விழுந்தது, எட்டுக்கு உரிய ஒன்றைக் கழித்தால் ஐந்து. படகுக்காரன் முழுக் காசு கேட்டான். அப்போதுதான் மேசையில் ஒரு அமைதி விழுந்தது. அதே எட்டை வைத்துக்கொண்டு மந்திரவாதி ஏழு சந்திப்புகளாக ராஜ்ஜியம் முழுக்கப் பேசி வந்திருந்தார், ஒரு முறைகூடப் பகடை உருளவில்லை. ஒரே எண், இரண்டு சட்டம். மொழியை மாற்றிய பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த முறை நடத்துபவர் ஒரு வழி கொண்டு வந்தார். யார் பேசினாலும் பகடை உண்டு. பேச்சில் நல்ல யோசனை இருந்தால் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். திக்கித் திணறிச் சொன்னாலும், வேறு மொழியில் சொன்னாலும், “நான் அவனிடம் இப்படிப் பேரம் பேசுகிறேன்” என்று விவரித்தாலும் யோசனைதான் கணக்கு. அழித்த திறன் வீரனுக்குத் திரும்பக் கிடைத்தது. பேச்சுக்காரருக்கு வருத்தம். நடிப்பின் சந்தோஷத்தைப் பகடை கெடுக்கிறது என்றார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு நல்ல வசனத்துக்குப் பிறகு மூன்று விழுந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? குழு அதற்குப் பிறகு ஐந்து மாதம் நீடித்தது, அது எங்களுக்குச் சாதனை.

பாத்திரம் கட்டுவது பற்றிய சண்டையை ரசனைச் சண்டையாக மட்டும் பார்ப்பதை நாம் நிறுத்த வேண்டும். கணக்குக்காரர் ரசனை கெட்டவர், கதைக்காரர் கலைஞர் என்ற பிரிவினை பேசத் தெரிந்தவர்களே எழுதிய தீர்ப்பு. ஒரு மேசை நியாயமானதா என்று அறிய எனக்கு ஒரே சோதனைதான். அங்கே மிகக் குறைவாகப் பேசுபவரின் தாளை வாங்கிப் பாருங்கள். அதில் அழித்த வரி எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு மிக அதிகமாகப் பேசுபவரின் தாளையும் கேளுங்கள்.